ஆதிச்சநல்லூர்ப் பரம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். ஊரை ஒட்டி 114 ஏக்கரில் மேடான ஒரு நிலம். பரம்பு என்பார்கள். பழங்காலத்து இடுகாடு அது. சரளையும் பாறையுமான மண், ஏர் ஓடாது. ஆற்றுப் பாய்ச்சலில் விளையும் வயலை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, விளையாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கினார்கள் என்றே நினைக்கிறேன். அந்தக் கடினமான தரையைக் குடைந்து, ஆளைக் குந்தவைக்கும் அளவுக்குப் பெரிய மண் தாழிகளில் இறந்தவர்களை வைத்து இறக்கியிருக்கிறார்கள். எவ்வளவு பாடு!

1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. அப்புறம் 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டங்கள், விலங்கும் பறவையும் நிற்கும் வெண்கல மூடிகள், இரும்பு வாள்கள், ஈட்டிகள் எல்லாம் வந்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தவை இவைதான்.

எல்லோரும் பொன்னைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ரீ கண்ட நெல் உமியும் இற்றுப்போன துணியும். இறந்தவரோடு சோறும் துணியும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வெண்கலத்துக்கு வேண்டிய வெள்ளீயம் இந்தப் பக்கத்தில் கிடைக்காது, தூரத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆக, உழவும் நெசவும் கொல்லுவேலையும் தெரிந்து, வெளியூரோடு கொடுக்கல் வாங்கலும் வைத்திருந்த மக்கள் இவர்கள்.

2004இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. சுமார் 600 சதுர மீட்டருக்குள் 160க்கும் மேற்பட்ட தாழிகள், அதுவும் மூன்று அடுக்காக! அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. தலைமுறை தலைமுறையாக இதே மேட்டுக்குத்தான் வந்திருக்கிறார்கள். கரிமக் காலக்கணிப்பு கி.மு. 905 வரை போகிறது. இதன் முழு அறிக்கை வெளிவரப் பல ஆண்டுகள் ஆனது என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

ஒரு தாழி எந்த அடுக்கில், எதன் பக்கத்தில், என்னென்ன பானைகளோடு கிடந்தது என்பது தெரிந்தால்தான் இதையெல்லாம் சொல்ல முடியும். பிடுங்கி எடுத்த பொருள் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் அதைச் சொல்லாது. அதனால்தான் 2023இல், தோண்டிய குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டது எனக்குப் பெரிய நிம்மதி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாழியை மட்டும் பார்த்துவிட்டு வராமல், அதைச் சுற்றி வைத்திருக்கும் சின்னச் சின்னக் கலயங்களையும் காட்டுங்கள். நன்றி.