பந்தே தொடாதவனைத் தூக்கிட்டுப் போன ரக்பி ஸ்கவுட்! ஏன்?

(காட்சி: குறும்பனை கடற்கரை, விடியக்காலை. கரமடி, அதாவது கரையில நின்னு கயித்தால இழுக்கிற வலையை, இழுக்கிறார்கள்.)

மக்களே, இதுல ரக்பிக்கு ஒருத்தரை எடுக்கணும்னா யாரை எடுப்பீங்க? நடுவுல நிக்கிற ஜிம் பாடி அண்ணனையா? நான் எடுக்கிறது அந்தக் கடைசி ஆளை. வத்தலா, கட்டம் போட்ட சாரம் கட்டிட்டு நிக்கிறார் பாருங்க, அவரை. ஸ்கிப் பண்ணிராதீங்க, காரணம் இருக்கு.

ரக்பின்னா டீமுக்கு 15 பேர், முட்டை மாதிரி பந்து, கையால முன்னால பாஸ் பண்ணக்கூடாது. ரக்பி யூனியன்ங்கிற இந்த 15 பேர் ஆட்டத்துல 1995லதான் சம்பளம் வாங்கி ஆடலாம்னு ஆச்சு. வரலாறு போதும்.

கிளப்ல ஆடுறவனை புரொஃபஷனல் டீம் எப்படிக் கண்டுபிடிக்குது? ட்ரை (எதிராளி கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில வச்சுப் பாயிண்ட் எடுக்கிறது) அடிச்சவன் யாருன்னு ஸ்கோர்ஷீட்லயே இருக்கு. அதுக்கு ஒருத்தர் பெட்ரோல் போட்டு வரணுமா? ஸ்கவுட்ங்கிற ஆள் தேடுறவர் வர்றது பந்து இல்லாதவனைப் பாக்க.

ஒருத்தன் டேக்கிள் பண்றான், அதாவது பந்து வச்சிருக்கிறவனைப் பிடிச்சு விழ வைக்கிறான். ரெண்டு பேரும் தரையில கெடக்காங்க. பந்து அந்தப் பக்கம் போயாச்சு, கேமராவும் போயாச்சு. விழுந்தவன் எத்தனை செகண்டுல எழும்பி வரிசையில வந்து நிக்கிறான்? இதுக்குப் பேரு ரீலோடு. 10வது நிமிஷத்துல எல்லாரும் எழும்புவாங்க. 70வது நிமிஷத்துல, டீம் 30 பாயிண்ட் பின்னால கெடக்கும்போது?

இப்ப கரமடிக்கு வாங்க. கயித்தை இழுத்துக்கிட்டே பின்னால நடக்குறாங்க. கடைசி ஆள் மேட்டுக்கு வந்ததும் கயித்தை விட்டுட்டு, தண்ணி ஓரத்துக்குப் போய் முதல் ஆளா மறுபடி பிடிக்கணும். அந்த இடைவெளி இருக்கே, அங்கதான் ஆளு தெரியும்! ஒருத்தர் பீடி பத்த வச்சுக்கிட்டே போறார். இன்னொருத்தர் நின்னு ஒரு கதை சொல்லிட்டுப் போறார். சாரம் அண்ணன் முட்டுல ஒட்டின மணலைக்கூடத் தட்டல, ஓடுறார். பன்னிரண்டு தடவை எண்ணினேன்.

"மக்கா, படம் பிடிச்சது போதும், இதைப் பிடி"ன்னார். பிடிச்சேன். நாலாவது சுத்துல நான் பீடிக்காரர்கூட நடந்துக்கிட்டிருந்தேன். எனக்கு பீடிப் பழக்கம் கிடையாது.

சரி, ஸ்கவுட்டுக்குப் பிடிச்ச பிறகு பிராங்கோ டெஸ்ட்னு ஒரு ஓட்டப் பரீட்சை. 20, 40, 60 மீட்டர் போய்ப் போய் வரணும், இப்படி அஞ்சு சுத்து. மொத்தம் 1200 மீட்டர்.

உயரம்? வேல்ஸ்காரர் ஷேன் வில்லியம்ஸ் சுமார் 170 சென்டிமீட்டர்தான். ரக்பிக்கு ரொம்பக் குட்டைன்னு சொன்னாங்க. அம்மன் யுனைடெட்னு உள்ளூர் கிளப்ல இருந்து வந்து, வேல்ஸுக்கு 58 ட்ரை, 2008ல உலகத்தின் சிறந்த வீரர். (அம்மன் நம்ம முப்பந்தல் அம்மன் இல்ல, அங்க ஓடுற ஆறு.) ஃபிஜியோட லெவானி போட்டியாங்கிறவர் ஜெயில் காவலரா இருந்தவர், அப்புறம் பிரான்ஸ்ல லா ரோஷெல் டீம். அவர் பிடிச்சா எவன் தப்பிப்பான்?

2025ல மும்பையில நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்ல சாம்பியனே சென்னை புல்ஸ்தான். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஃபுட்பால்ல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரைக்கும் போனார். காலால பந்து ஆடுறவனைத் தேடி நம்ம கரைக்கு ஆள் வருது. கயிறு இழுக்கிறவனைத் தேடியும் ஒருத்தர் வரலாம்ங்கிறது என் கட்சி. மறுக்கிறவங்க கமெண்ட்ல வந்து சண்டை போடுங்க.

சாரம் அண்ணன்கிட்ட முழு ஆட்டத்தையும் விளக்கினேன். பொறுமையாக் கேட்டார்.

"ஓடணும், விழணும், எழும்பணும். எல்லாம் சரி மக்கா. கடைசியில மீன் யாருக்கு?"