ஜல்லிக்குள் எவ்வளவு தண்ணீர் அடங்கும்?

நேயர்களுக்கு வணக்கம். மாடியில் விழும் மழைநீரை மண்ணுக்குள் இறக்க வீட்டில் வெட்டும் குழியைப் பற்றி இன்று பேசலாம். முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டுவது அதிசயமா என்ன? அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மாடியில் விழுவது 4650 லிட்டர். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் அது இருக்கிறது. அதனால் பிளானில் ஒரு மூலையில் ஒரு குழி வந்துவிடும். மேஸ்திரி மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழம் தோண்டுவார். வாய் வரைக்கும் ஜல்லியைக் கொட்டுவார், மேலே மணலைப் பரப்புவார். வேலை முடிந்தது.

அந்தக் குழி வெறுமையாக இருந்தால் கொள்வது 1270 லிட்டர். ஜல்லி போட்டபிறகு கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள சந்துதான் மிச்சம். பத்தில் நாலு பங்கு. ஆக, 500 லிட்டர். மாடியில் விழுவது எவ்வளவு? 4650. மண் உறிஞ்சுவதைக் கழித்தாலும் பெரும்பகுதி தெருவுக்குத்தான். போதாததற்கு, ஒரு பருவம் போனால் மேல் மணலில் வண்டல் படிந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும். குழியைக் காசு கொடுத்து வெட்டி, காசு கொடுத்தே தூர்ப்பானேன்?

அதற்குப் பதில் உறைகிணறு, அதாவது சிமென்ட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய கிணறு. மூன்றடி விட்டம், பதினைந்தடி ஆழம், உள்ளே ஒன்றும் போடாமல் விட்டால் 3000 லிட்டர் நிற்கும். உறையின் பக்கவாட்டில் ஓட்டை இருக்கவேண்டும். அடியில் சிமென்ட் பூசக்கூடாது. பூசினால் அது கிணறில்லை, தொட்டி. மேலே கான்கிரீட் மூடி, ஆள் இறங்க வழி, குழந்தைகள் கைவைக்க முடியாத கனம்.

கடலோர மணலில் தண்ணீர் சர்ரென்று இறங்கிவிடும். களிமண்ணில் இறங்காது. களிமண் அடுக்கைத் தாண்டி, கீழே மணல் தட்டும்வரை உறை போகவேண்டும், அல்லது கிணற்றின் அடியிலிருந்து ஒரு துளை போடவேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது? வெட்டிய குழியில் தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சியில் மட்டத்தைக் கீறி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் அசையவில்லையா? இன்னும் ஆழம் வேண்டும். உறை இறக்கும் முன்னாலேயே இதைப் பார்ப்பது நல்லது, பிறகு வம்பு.

மாடி மட்டும் போதாது. காம்பவுண்டு முழுக்க சிமென்ட் போட்டு, சரிவையும் வாசல் பக்கம் வைத்துவிடுகிறோம். கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே ஓரடி அகலத்தில் ஒரு கால்வாய், மேலே துளையிட்ட ஸ்லாப். அந்தத் தண்ணீர் நேராகக் கிணற்றுக்குப் போகக்கூடாது. நடுவில் ஒரு வண்டல் தொட்டி வேண்டும். வெளியேறும் குழாய் தொட்டியின் தரையோடு இருந்தால் மண்ணும் கூடவே போகும். முக்கால் அடி உயரத்தில் இருந்தால் மண் அடியில் தங்கும், அள்ளிப்போடலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம்: மழைக்குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்ப்பது. அடைமழையில் அது தரைத்தள வீட்டுக் கழிவறை வழியாகத் திரும்பி வரும்.

போர்வெல்லில் மழைநீர் விடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. வடிகட்டாமல் விடாதீர்கள், அதுமட்டும் இப்போதைக்கு. புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கிவிடுங்கள், குழாய் வாயில் சருகு இருக்கிறதா பாருங்கள். முதல் மழையைக் கிணற்றுக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள். வணக்கம்.