எதிலும் முட்டாத கார்

வணக்கம். சாலை விபத்து என்றதும் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும் காட்சிதான் நம் மனதில் வரும். நான் இன்றைக்குப் பேசப்போவது எதிலும் முட்டாத காரைப் பற்றி. பம்பர் நசுங்கவில்லை, கண்ணாடி உடையவில்லை. ஆனால் பானட்டில் உட்கார்ந்து வந்தவர் சாலையில் கிடக்கிறார்.

இது அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 10-ஆவது பதிப்பில், மோதல் இல்லாத விபத்தில் காயமடைந்த கார் பயணிகளுக்கு வி48 என்று ஒரு குறியீடு உண்டு. அதற்குள்ளேயே காரின் வெளிப்புறத்தில் இருந்தவர்களுக்குத் தனி உட்பிரிவும் உண்டு. கூரைமேல் உட்கார்ந்தவர், டிக்கிமேல் ஏறியவர், கதவைப் பிடித்துத் தொங்கியவர் எல்லாரும் அதில் அடக்கம்.

ஏறுகிறவர்கள் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "மெதுவாத்தானே போறோம்!" சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம். கூரையின் உயரம் அதற்கு மேல் தனி. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதித்தால், 60 கிலோ எடையுள்ள ஆளை முன்பக்கம் தள்ளும் விசை 40 கிலோ சுமைக்குச் சமம். உள்ளே இருப்பவரை பெல்ட் தாங்கிக்கொள்ளும். வெளியே இருப்பவருக்கு வழுக்கும் தகடும் விரல் நுனியும்தான். பிரேக்கே போட வேண்டாம், சட்டென்று கிளம்பினாலும், லேசாக ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் போதும்.

காரின்மேல் நின்று சாகசம் காட்டுவதை அமெரிக்காவில் 'கார் சர்ஃபிங்' என்பார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1990 முதல் 2008 வரையிலான பத்திரிகைச் செய்திகளைத் திரட்டியபோது 99 சம்பவங்கள் கிடைத்தன. அதில் 58 பேர் இறந்துபோனார்கள். செய்தியாக வந்தவை மட்டுமே இவை. பெரிய காயங்கள்தான் செய்தியாகும். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: மணிக்கு சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் போன காரிலிருந்து விழுந்தும் உயிர் போயிருக்கிறது. வேகமாக நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட!

காரணம் தலை. கார் சட்டென்று கிளம்பும்போது டிக்கிமேல் இருப்பவர் பின்னால் சாய்வார், பின்மண்டை நேராகத் தார்ச்சாலையில் அடிபடும். கை ஊன்ற நேரம் கிடைக்காது. அடிபட்ட இடத்தில் மட்டுமல்லாமல், எதிர்ப்பக்கத்திலும் மூளை சிதையலாம். பானட்டில் இருப்பவர் கதை வேறு. பிரேக் போட்டதும் முன்னால் சறுக்கி விழுவார், அதே கார் அவர்மேல் ஏறவும் வாய்ப்புண்டு. சாலையில் உரசிக்கொண்டே போனால் தோல் உரிந்து, மண்ணும் கல்லும் சதைக்குள் புகுந்துவிடும்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறு ஒன்று. விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லப்பா" என்று சிரிப்பார். நண்பர்களும் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால், சில மணி நேரம் தெளிவாகப் பேசியவர் அப்புறம் தூக்கத்தில் இருப்பதுபோல மயங்கிவிடுவார். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது: இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

ஓட்டுகிறவரிடமும் ஒரு வார்த்தை. மேலே இருப்பவர் "போ போ" என்று கத்தினாலும், பெடல் உங்கள் காலடியில்தான் இருக்கிறது. வாக்குவாதத்தில் யாராவது பானட்டில் ஏறிவிட்டாலும் இதேதான். பயமுறுத்திக் கீழே இறக்குவதற்காகக் காரை நகர்த்தாதீர்கள். எஞ்சினை நிறுத்துங்கள். இறங்குவது ஆபத்து என்று தோன்றினால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்து காவல்துறையைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே விழுந்துவிட்டாரா? கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாமல், கழுத்தை அசைக்காமல் படுக்கவைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள். காரைப் பின்னால் எடுப்பதற்கு முன் சக்கரத்துக்குக் கீழே பாருங்கள்.