கேட்டால் என்ன குறைந்துவிடும்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அண்ணன்மாரே, தங்கச்சி, போயா என்கிற பௌர்ணமி விடுமுறையில் வீட்டில் படுத்திருக்காமல் மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்து உட்கார்ந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

இன்றைய வழக்கு இதுதான். பழைய காயம் ஒன்றோடு வாழும் துணையை மனமொத்து நெருங்க வழி எது? நடந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுவதா, ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வதா? கேட்பதுதான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். "கலியாணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் புரிந்துவிடும், அதன்பிறகு கேள்வி எதற்கு?" என்றார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன், பழக்கதோஷம். அண்ணா, நான் 22 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வீடுவீடாக ஏறி இறங்கியவள். கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுத இடமில்லாத கதைகள்தான் என்னிடம் அதிகம். அதில் ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். ஊரையும் பேரையும் விடுங்கள்.

கடற்கரையூர் ஒன்று. 2004 டிசம்பர் 26 காலையில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்த ஒருவர், மூன்று வருடம் கழித்து மறுமணம் செய்தார். புது மனைவிக்கு அவர் கதை தெரியாதா? ஊருக்கே தெரியும். யாரும் யாருக்கும் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. எதிரணி கேட்கிற நிபந்தனை அங்கே நூற்றுக்கு நூறு நிறைவேறியிருந்தது. ஆனாலும் அவள் நெருங்குகிற பல இரவுகளில் அந்த மனுசன் கல்லாகிவிடுவார். சில நாட்கள் எழுந்து முற்றத்தில் போய் இருப்பார். அவள் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள். அவளுடைய அம்மா அதைவிட மோசமாக நினைத்தார். கிளினிக்குக்கு வந்தபோது என்னிடம் அழுதாள். நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "அவரிடம் கேட்டீங்களா பிள்ள?" என்றேன். "என்னத்தைக் கேக்க மிஸ், கதைதான் தெரியுமே" என்றாள்.

கேட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. "இது சரியா இருக்கா, இல்ல நிப்பாட்டவா?" என்று மட்டும் கேட்டாள். பல நாள் பதில் இல்லை. ஒருநாள் சொன்னார்: தலைமுடி. அவள் மாலையில் தோய்ந்துவிட்டு ஈரக் கூந்தலோடு வந்து படுப்பாள். அந்த ஈரம் கையில் பட்டால் அவருக்கு மற்றது எல்லாம் வந்துவிடும். தேடித் தேடி எடுத்த நாட்கள்.

நடுவர் ஐயா, சுனாமி பற்றி ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. ஈரக் கூந்தல் பற்றி அவருக்கே சரியாகத் தெரியாது. எதிரணி சொல்வதுபோல முன்கூட்டியே சொல்லச் சொன்னால் அவர் எதைச் சொல்லியிருப்பார்? ஒரு வாசனை, ஒரு குரல், கரண்ட் போன இருட்டு, கையைப் பிடிக்கிற விதம், எது எப்போது கிளறும் என்று காயப்பட்டவருக்கே முன்னதாகத் தெரிவதில்லை. நேற்று ஒன்றும் செய்யாதது இன்று செய்யும்.

இதை மட்டக்களப்பாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வைகாசியில் கண்ணகை அம்மனுக்கு என்ன செய்கிறோம்? அவள் கதையை முழுக்கப் பாடுகிறோம். புருசனைப் பறிகொடுத்ததும் தெரியும், மதுரை எரிந்ததும் தெரியும். கதை தெரிந்துவிட்டதே என்று கதவைச் சாத்திவிட்டா போகிறோம்? அவள் கோபம் தணியக் குளிர்த்தி பாடுகிறோம். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் போன வருடம் பாடியாயிற்று, இந்த வருடம் வேண்டாம் என்று யாராவது சொன்னதுண்டா? ஒவ்வொரு வைகாசியும் அவள் குளிர்ந்தாளா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அம்மனுக்கு இருக்கிற மரியாதையில் ஒரு துளி வீட்டிலிருக்கிற மனுசிக்கும் கிடைக்கட்டுமே என்றுதான் கேட்கிறேன்.

அடுத்து, தங்கச்சி ஒரு பழமொழி எடுத்துவிட்டார். மௌனம் சம்மதம். இந்தப் பழமொழியால் எத்தனை வீட்டில் என்னென்ன நடந்தது என்று தெரிந்தால் அதை வாயில் எடுக்கமாட்டீர்கள் தங்கச்சி. ஆபத்து வந்தால் மனுசர் எதிர்ப்பார்கள் அல்லது ஓடுவார்கள் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். மூன்றாவது ஒன்று உண்டு. உடம்பு உறைந்துபோகும். கை அசையாது, வாய் திறக்காது. முன்பு ஒருமுறை பலவந்தத்துக்கு ஆளானவருக்கு அன்பான கணவன் தொடும்போதுகூட இது வரலாம். அவன், "ஒன்றும் சொல்லாமல்தானே இருந்தாள்" என்பான். பொய்யில்லை. ஆனால் கேட்கவுமில்லை.

சட்டத்தைக்கூடப் பாருங்கள். 1995இல் எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, சம்மதம் இருக்கவில்லை என்று காட்ட உடம்பில் காயம் இருக்கவேண்டியதில்லை என்று எழுதிவைத்தார்கள். எதிர்க்காததெல்லாம் இணங்கியதாகாது என்பது சட்டத்துக்கே தெரிகிறது. அதே சட்டம் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுகிறது என்பது வேறு கதை. நீதிமன்றம் பிரித்துவைத்த மனைவியாக இருந்தால்தான் கணவன் செய்ததை வல்லுறவு என்று கொள்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டால் போதும் என்கிறீர்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். சீதன வீடு அவள் பெயரில், காணி உறுதிப் பத்திரமும் அவள் பெயரில். பக்கத்து வீட்டுக்காரர்கூடப் படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வளவுக்குள் வரக் கேட்கவேண்டும், அந்த வீட்டுக்காரியிடம் வரக் கேட்கவேண்டாமாம். நல்ல கணக்கு.

"அப்போ ஒவ்வொரு நாளும் படிவம் நிரப்பி, கிராம சேவகரிடம் கையெழுத்தும் வாங்கவா?" என்று இரண்டாவது அண்ணன் கிண்டலடித்தார். அண்ணா, அண்ணி உங்களுக்கு முப்பது வருடமாகச் சோறு போடுகிறா. இன்றைக்கும் அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "போடவா?" என்றுதானே கேட்கிறா? நீங்கள் கையைக் குறுக்கே காட்டினால் நிறுத்துகிறாவா இல்லையா? அதில் எந்த அன்பு செத்துப்போனது?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சொல்வதில் ஆறுதல் உண்டு. நம்பிக்கையான துணையிடம் சொல்லலாம், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் சொல்லலாம், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு அழைத்தும் சொல்லலாம். சொல்வது அவரவர் விருப்பம். அதை நிபந்தனையாக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. சொன்னால்தான் 'வேண்டாம்' செல்லும் என்றால், காயப்பட்டவர் தன் உடம்புக்குத் தானே சாட்சி சொல்லி வழக்காடவேண்டும். எனக்குத் தெரிந்த ஒருத்தி முதல் மாதமே எல்லாம் சொன்னாள். இரண்டு வருடம் அவன் தங்கமாக இருந்தான். ஒருநாள் குடித்துவிட்டு வந்து சண்டையில் அதையே எடுத்து அவள் முகத்தில் அடித்தான். இப்போது அவள் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. காரணம் கேட்காத 'வேண்டாம்' ஒன்று அந்த வீட்டில் முதல் நாளே மதிக்கப்பட்டிருந்தால், அவள் சொல்லவே தேவைப்பட்டிருக்காது.

மணி அடித்துவிட்டார்கள். மட்டக்களப்பில் மைக் பிடித்துவிட்டு எங்கள் வாவியின் பாடும் மீனைச் சொல்லாமல் இறங்கினால் ஊர் மன்னிக்காது. நடுவர் ஐயா, இன்னும் ஒரு நிமிடம் எடுக்கலாமா?

இல்லையா? சரி ஐயா. ஏன் என்று கேட்கமாட்டேன். இறங்குகிறேன்.