குவாரி வெடியால் எண்ணெய் டேங்க் பிளந்துவிடுமா?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். "எங்கள் ஆலையிலிருந்து 400 மீட்டரில் கல்குவாரி. வெடி வைக்கும்போதெல்லாம் பழைய எண்ணெய் டேங்கின் மேல்தகடு கடகடக்கிறது. ஒருநாள் பிளந்துவிடுமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

நண்பரே, அடுத்த முறை டேங்குக்குப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதலில் காலுக்கடியில் சின்னதாக ஓர் உலுக்கல் வரும். ஒரு நொடி கழித்துத்தான் சத்தம் வரும். தகடு கடகடப்பது சத்தத்தோடு என்றால், அது காற்றழுத்த அலையின் வேலை. எனக்குக் கவலை, சத்தமே இல்லாத அந்த முதல் உலுக்கலைப் பற்றித்தான்.

எண்ணெய் தளும்பி உடைக்குமோ என்றும் பயப்பட வேண்டாம். பெரிய டேங்கில் ஒரு தளும்பலுக்கே பல நொடிகள் ஆகும். வெடி அதிர்வோ நொடிக்குப் பல முறை துடித்துச் சட்டென்று அடங்கிவிடும். தளும்பல் பூகம்பத்தின் வேலை. 2003இல் ஜப்பானின் டோமகோமாயில் டேங்குகள் தீப்பிடித்தது அப்படித்தான்.

பார்க்க வேண்டியது டேங்கின் பாதத்தை. அடியில் தளர்ந்த மணல் நிரப்பியிருந்தால், ஆண்டுக்கணக்கில் விழும் அதிர்வில் அது இறுகி ஒரு பக்கமாக அமிழும். டேங்க் சாயும், குழாயோ தன் தாங்கியில் அசையாமல் நிற்கும். இழுபடுவது இரண்டையும் சேர்க்கும் வெல்டிங்தான். சுவரும் அடித்தகடும் சேரும் மூலையும் அப்படியே. அங்கே துரு வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். 1974 டிசம்பரில் ஜப்பானின் மிசுஷிமா சுத்திகரிப்பு ஆலையில் டேங்க் கிழிந்து எண்ணெய் கடலில் கலந்ததே, அதற்குக் காரணம் வெடியல்ல. ஆனால் கிழிசல் தொடங்கியது விளிம்பில், அஸ்திவாரம் பலவீனமான இடத்தில்.

நம் நாட்டில் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கை, சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத தொழிற்கட்டடங்களுக்கு, அதிர்வெண்ணைப் பொறுத்து நொடிக்கு 10, 20, 25 மில்லிமீட்டர் என்று நிலம் ஆடும் வேகத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. அது கட்டடத்துக்கான கணக்கு. துருப்பிடித்த டேங்குக்கு அதையே நம்பி உட்கார நான் சொல்லமாட்டேன்.

குவாரிக்காரரிடம் மொத்தம் எத்தனை கிலோ மருந்து என்று கேட்காதீர்கள். ஒரே தாமதத்தில், அதாவது ஒரே கணத்தில் சேர்ந்து, அதிகபட்சம் எத்தனை கிலோ வெடிக்கிறது என்று கேளுங்கள். ஆயிரம் கிலோவைத் துளைக்குத் துளை மில்லிநொடி இடைவெளி விட்டு வெடித்தால் அதிர்வு வெகுவாகக் குறையும். குவாரி உங்கள் பக்கம் நகர்ந்தால் மறுபடியும் கேளுங்கள். தூரம் பாதியானால் அதிர்வு ஏறத்தாழ மூன்று மடங்காகும். அதிர்வுமானியை அலுவலக வாசலில் வைக்காமல் டேங்கின் அடியிலேயே வையுங்கள். டேங்கின் அடிவிளிம்பைச் சுற்றி இன்றைக்கே லெவல் (உயர அளவு) எடுத்துக் குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்து அதே புள்ளிகளில் மீண்டும் எடுங்கள்.