சாட்சி சொல்ல வந்த குருகு

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பந்தல் நிறைய உட்கார்ந்திருக்கும் பெருமக்களே, வணக்கம். மணியில் கைவைத்தபடி ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதால் வணக்கம் இவ்வளவுதான்.

சங்கப் பாட்டின் பொருளைத் திறப்பது சொல்லா, காட்சியா? இதுதான் தலைப்பு. நான் காட்சிக் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் போகிற போக்கில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். "பாட்டில் கொக்கு வந்தால் கொக்கு என்று படியுங்கள். இந்த அணிக்காரர்கள் சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்தால்கூட, ஆகா, தலைவியின் மெலிவைப் பாரீர் என்பார்கள்" என்றார். கூட்டமே சிரித்தது. நடுவரும் சிரித்தார், குறித்து வைத்திருக்கிறேன். முருங்கைக்காய்க்கு வருகிறேன் அம்மா, ஓடிவிடாது. முதலில் அந்தக் கொக்கு.

குறுந்தொகை 25ஆம் பாட்டு. கபிலர். ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

களவில், அதாவது ஊருக்குத் தெரியாத காதலில், கூடியவன் கல்யாணப் பேச்சைத் தள்ளிக்கொண்டே போகிறான். தலைவி தோழியிடம் புலம்புகிறாள். அன்றைக்கு அங்கே யாரும் இல்லையடி, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் மாதிரிச் சிறிய பச்சைக் காலோடு, ஓடுகிற நீரில் ஆரலைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு நின்றது.

அகராதி என்ன சொல்லும்? குருகு, ஒரு நீர்ப்பறவை. ஆரல், ஒரு வகை மீன். தீர்ந்தது. எதிரணி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பலாம். நாம் கிளம்ப முடியாது, வழக்கு பாக்கி இருக்கிறது.

வழக்கைக் கூப்பிடுவோம். வாதி, தலைவி. பிரதிவாதி, கள்வன். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, மோதிரம் மாற்றவில்லை. கண்கண்ட சாட்சி ஒன்றே ஒன்று. டவாலி வாசலில் நின்று கூப்பிடுகிறார்: குருகு... குருகு... குருகு! சாட்சி வருகிறது. கூண்டில் ஏறி ஒற்றைக் காலில் நிற்கிறது.

"சம்பவத்தன்று நீ அங்கே இருந்தாயா?"

"இருந்தேன் ஐயா."

"என்ன பார்த்தாய்?"

"ஆரல்."

"அதைக் கேட்கவில்லை. இந்த மனிதர் சத்தியம் செய்ததைப் பார்த்தாயா?"

"எந்த மனிதர்?"

"சரி, இந்தப் பெண்ணையாவது பார்த்தாயா?"

"பெண்ணா? அங்கே பெண் வேறு இருந்ததா?"

பாவம், இவள் வழக்கு இதை நம்பித்தான் நிற்கிறது! எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் குறுக்கு விசாரணையே வேண்டாம், நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். நீதிபதி கடைசியாகக் கேட்கிறார், "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" சாட்சி யோசித்துச் சொல்கிறது: "அந்த ஆரல் தப்பித்துவிட்டது ஐயா."

சிரிக்கிறீர்கள். அந்தக் குருகு ஏன் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்று யாராவது கேட்டீர்களா? எதிரணி கேட்காது, அதற்கு "ஒரு வகை மீன்" போதும். ஆரல் பாம்பு போல நீண்ட மீன். முதுகில் வரிசையாகச் சிறு முள். பகலில் மணலிலோ சேற்றிலோ புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். துள்ளுகிற கெண்டையாக இருந்தால் குருகு நடுநடுவே தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்திருக்கும். ஆரலுக்கு அது முடியாது. அதுவும் ஓடுகிற நீர். மேலே அலை, அடியில் கலங்கல். ஒரு நொடி கண்ணை எடுத்தால் இரை போச்சு. கெண்டையைப் போட்டிருந்தால் இந்தச் சாட்சிக்கு ஓரளவாவது பார்வை இருந்திருக்கும், வழக்கு பிழைத்திருக்கும். கபிலர் மீனைத் தேர்ந்தெடுத்தே வழக்கைத் தோற்கடிக்கிறார்.

காலுக்கு வாருங்கள். பசுங்கால் என்கிறார். சின்ன வெள்ளைக் கொக்குக்குக் கால் கறுப்பு. மங்கிய பச்சை மஞ்சள் கால் பொருந்துவது மடையானுக்கு. மடையானுக்கு ஊர்ப்பக்கம் இன்னொரு பெயர் உண்டு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்... ஆமாம், குருட்டுக் கொக்கு! கிட்டே போகும்வரை அசையாமல் நிற்பதால் வந்த பெயர். நடுவர் அவர்களே, இருந்தது ஒரு சாட்சி, அதற்கும் பெயர் குருட்டுக் கொக்கு!

அந்தக் காலை அவள் எதனோடு ஒப்பிடுகிறாள்? தினைத்தாளோடு. நெல்தாள் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் மெலிந்த பச்சைதான். சொல்லமாட்டாள். அவள் குறிஞ்சி நிலத்துக்காரி, தினைப்புனம் காக்கிறவள். நாள் முழுக்கக் கண்ணில் பட்டது தினைத்தாள், அதனால் வாயில் வந்ததும் அதுதான்.

அடுத்த கேள்விக்குத் தாய்மார்கள் பதில் சொல்ல வேண்டும். கொக்கைப் பார்க்கிற யாரும் முதலில் எதைப் பார்ப்பார்கள்? சிறகை, கழுத்தை, அலகை. இவளுக்கு ஏன் கால் நினைவில் நிற்கிறது? தலை குனிந்திருந்தது! பக்கத்தில் அவன். நிமிர்ந்தால் அவன் முகம். நிமிரவில்லை. குனிந்த கண்ணுக்குத் தண்ணீரும் தண்ணீரில் நின்ற இரண்டு பச்சைக் காலும்தான் தெரிந்தன. கபிலர் "நாணினாள்" என்று ஒரு சொல் எழுதவில்லை. அகராதியில் எந்தப் பக்கத்தில் தேடுவீர்கள் அம்மா?

இப்போது முருங்கைக்காய். அம்மையாரின் கேலியில் கால்வாசி நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எதைக் கண்டாலும் உள்ளுறை, காட்சிக்குள் ஒளித்து வைத்த பொருள், என்று துள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகத்தான் தொல்காப்பியர் வேலி போட்டார். உள்ளுறைக்கு நிலைக்களம் கருப்பொருள், அதாவது அந்தந்த நிலத்துக்கே உரியவை. அதிலும் தெய்வத்தை நீக்கிவிட வேண்டும். உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு திணைக்கு உரியவற்றோடு நிறுத்திக்கொள் என்றார். நடுவர் அவர்களே, சாம்பார் எந்தத் திணை? நிலம் எது, அடுப்பா? பொழுது, மத்தியானம் பன்னிரண்டரையா? உரிப்பொருள், பசியும் பசி நிமித்தமுமா? வேலிக்கு வெளியே கிடக்கிற காயைப் பொறுக்கி வந்து எங்கள் அணி மேல் எறிந்தால் எப்படி?

வேலிக்கு உள்ளே வந்தாலும் நேரே பறவைக்கும் மீனுக்கும் ஓடக்கூடாது. முதலில் பாட்டுக்குக் கீழே உள்ள துறைக் குறிப்பைப் படிக்க வேண்டும். யார் பேசுகிறார், யார் கேட்கிறார். அதன் பிறகு திணை. அதன் பிறகு கருப்பொருள் என்ன செய்கிறது என்பது. சும்மா நின்றால் வர்ணனை. எதையாவது கவ்வினால், தின்றால், உதிர்ந்தால் அங்கே ஆள் ஒளிந்திருக்கிறான். பேசுகிறவரின் மனக்குறையோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, பொருந்தாததை விட்டுவிட வேண்டும். இழுத்துக் கட்டக்கூடாது.

முதல் படியைத் தாண்டினால் என்ன ஆகும்? குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார். வயலோரத்து மாமரத்தில் பழுத்து உதிர்ந்த இனிய பழத்தைக் குளத்து வாளை கவ்வும் ஊர்க்காரன். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டு, தன் வீட்டில் மகனுடைய தாய்க்கு, நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவைபோல ஆடுகிறான். துறைக் குறிப்பைப் படிக்காதவர் இதை மனைவியின் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, வாளையை மற்றவள் ஆக்கி, பழத்தைப் பறித்த திருடி என்று திட்டுவார். பேசுகிறவள் பரத்தை, அந்த மற்றவளேதான். மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டுப் பதில் சொல்கிறாள். இப்போது பழத்தைப் பாருங்கள். வாளை மரம் ஏறவில்லை, கிளையை ஆட்டவில்லை. பழம் தானாக விழுந்தது, வாயைத் திறந்தது மட்டும்தான் இதன் வேலை. "நான் பிடிக்கவில்லை, உன் ஆள் விழுந்தான்." ஆள் மாறினால் பாட்டே தலைகீழ்.

சொல்லை மட்டும் பிடித்தவர்கள் செய்த கூத்துக்கு அத்தாட்சி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை! மேலே "யாயும் ஞாயும் யாராகியரோ", குறுந்தொகை 40. என் தாயும் உன் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு என்று கேட்கிற பாட்டு. அதற்கு நேர் கீழே தாத்தா பெயர், பாட்டி பெயர், ஊர், வகையறா, தாய்மாமன் படிப்பு! யாரென்றே தெரியாது என்கிற பாட்டை, இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் அச்சடிக்கிறார்கள்? அதன் துறை என்ன தெரியுமா? விட்டுப் பிரிந்துவிடுவானோ என்று அவள் முகம் மாறுகிறது, அதைப் பார்த்து அவன் சொன்னது. செம்மண்ணில் விழுந்த மழையை அவன் காட்டியது அந்தப் பயத்துக்காக. பந்திக்கு ஆள் கூப்பிட அல்ல.

முதல் மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். இனி வாதம் இல்லை.

குறுந்தொகை 37, பாலை பாடிய பெருங்கடுங்கோ. நாலே அடி. பொருள் தேடிப் போனவன் இன்னும் வரவில்லை. அவள் உருகிக்கொண்டிருக்கிறாள். தோழி என்ன சொல்கிறாள்? அவருக்கு உன்மேல் ஆசை அதிகம், வந்து அன்பு செய்வார். அவர் போன வழியில், பெண் யானையின் பசியைப் போக்க ஆண் யானை யா மரத்தைப் பொளிக்கும், பட்டையை உரித்துக் கொடுக்கும். அப்படி அன்புடைய வழி அது. இதைச் சொல்லி நிறுத்திவிட்டாள். அதைப் பார்த்தால் உன் நினைவு வரும், திரும்பிவிடுவார் என்று சொல்லவில்லை. வருந்தும் பொழுதில் அன்புடையவற்றைச் சுட்டுவதும் வன்புறை, அதாவது தேற்றுவது, என்று தொல்காப்பியரும் விதி செய்தார். தழை காய்ந்த காட்டில் இலையைக் கூடச் சொல்லவில்லை கவிஞர், பட்டையைச் சொன்னார். இல்லாத இடத்திலும் உரித்துக் கொடுக்கிறது அது.

இந்தப் பந்தலில் எத்தனை பேர் வீட்டுக்காரர் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்? எத்தனை தாய்க்குப் பிள்ளை சிங்கப்பூரில்? ராத்திரி போன் வருகிறது. "சாப்பிட்டியா?" என்கிறான். அவன் சாப்பிட்டது என்னவென்று இவள் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். அம்மா, அழாதீர்கள், நான் அழ வைக்க வரவில்லை. அந்தத் தோழி மாதிரி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஊர் வழியில் ஒரு யானை..." என்று ஆரம்பித்தால் போதும், இந்த ராத்திரி தூக்கம் வரும்.

எதிரணி அம்மையார் அவர்களே, அடுத்து உங்கள் முறை. அதோ, மூன்றாவது வரிசையில் கண்ணைத் துடைக்கிற அந்தத் தங்கச்சியிடம் போய், "வேழம் என்றால் ஆண் யானை" என்று சொல்லிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.