வளைய வேண்டியது நெஞ்சு

நண்பர்களே, உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். போதும், இறக்கிவிடுங்கள். எது வளைந்தது? கழுத்து. இப்போது மெல்லப் பின்னால் சாயுங்கள். இம்முறை இடுப்பு. நடுவிலுள்ள நெஞ்சுப் பகுதி இரண்டு முறையும் ஏறக்குறைய அசையவே இல்லை. பின்வளைவு ஆசனங்கள் செய்து முதுகு வலிக்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள், நெஞ்சுக்குப் பின்னே 12, இடுப்பில் 5. நடுவிலுள்ள பன்னிரண்டும் விலா எலும்புகளோடு பிணைந்தவை. அந்த முள்ளெலும்புகளின் பின்முனைகள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன. பின்னால் வளைந்தால் சீக்கிரமே முட்டிக்கொள்ளும். இடுப்பில் அந்தத் தடை குறைவு. 'வளை' என்றால் உடல் எளிதான இடத்தில்தான் வளையும். முதுகு முழுவதும் பகிர வேண்டிய வளைவை அடிமுதுகின் ஒன்றிரண்டு எலும்புகள் தனியே தாங்குகின்றன.

நான் யோகாசனம் கற்கத் தொடங்கிய மூன்றாம் வாரமே, கைகளையும் கால்களையும் ஊன்றி உடலை வில்லாக மேலே தூக்கும் சக்கராசனம் செய்யச் சொன்னார்கள். செய்தேன், பாராட்டினார்கள். மறுநாள் காலை குனிந்து முகம் கழுவ முடியவில்லை. வலி தீரப் பல வாரங்கள் ஆயின. எவ்வளவு வளைகிறோம் என்று மட்டுமே பார்த்தோம், எங்கே வளைகிறோம் என்று யாருமே பார்க்கவில்லை. மாணவரை அவசரப்படுத்தும் ஆசிரியரை இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

இந்த வளைவு மருந்தாகவும் ஆகலாம். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம், இடுப்பிலிருந்து கால்வரை வலியோடு ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையில் அவர் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடங்கள் கழித்துப் பார்த்தால் கால்வலி விலகியிருந்தது. குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தும் நம் புஜங்காசனத்தின் நிலைதான் ஏறத்தாழ அது. ஆனால் முதுகுத்தண்டின் நரம்புப் பாதை குறுகியவருக்கும், முள்ளெலும்பு முன்னால் நழுவியவருக்கும் அதே நிலை வலியைக் கூட்டிவிடும். அவர்களும், கர்ப்பிணிகளும், குடலிறக்கம் உள்ளவர்களும், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கட்டுப்படாத இரத்த அழுத்தமோ கண் நீர் அழுத்த நோயோ (குளுக்கோமா) இருந்தால், தலை கீழே தொங்கும் சக்கராசனம் வேண்டவே வேண்டாம்.

சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும்? முதுகுத் தசைகள் வலுப்பெறும். முன்னால் குறுகிய தோள்கள் விரியும். விலாக்கூடு இளகுவதால் மூச்சு ஆழமாகும். மணிக்கணக்கில் நாற்காலியில் இருப்பவருக்கு அடிமுதுகையும் தொடையையும் இணைக்கும் தசை சுருங்கி அடிமுதுகை முன்னால் இழுக்கும், அந்தத் தசை நீளும். ஈரலைக் கழுவும், நஞ்சை வெளியேற்றும் என்பதையெல்லாம் நான் சொல்லமாட்டேன். மேலே சொன்னதே பெரிய பலன்.

வரிசை முக்கியம். முதலில் ஒரு காலை முன்வைத்து மறு முழங்காலை ஊன்றித் தொடையின் முன்புறத்தை நீட்டுங்கள். பிறகு புஜங்காசனம், குப்புறப் படுத்துக் கால்களைத் தூக்கும் சலபாசனம், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம். இவை பழகிய பின்பே, குப்புறப் படுத்துக் கணுக்கால்களைப் பிடித்து வளையும் தனுராசனமும், முழங்காலிட்டுப் பின்னால் வளையும் உஷ்ட்ராசனமும். சக்கராசனம் கடைசியில், வராமலே போனாலும் குறையில்லை. முடித்தவுடன் பாதம் தொடக் குனியாதீர்கள். முழங்கால்களை மடக்கி மல்லாந்து கிடங்கள், பிறகு அவற்றை மார்போடு மெல்ல அணைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பாயை விரியுங்கள், புஜங்காசனம் செய்து பார்ப்போம். குப்புறப் படுத்து நெற்றியைத் தரையில் வையுங்கள். உள்ளங்கைகள் மார்பின் இருபக்கமும் இருக்கட்டும். புறங்கால்களைத் தரையில் அழுத்துங்கள், அடிவயிற்றை இலேசாக உள்ளிழுங்கள். குதிகால் பக்கம் கால்களும் உச்சந்தலைப் பக்கம் முதுகும் நீளட்டும். மூச்சை இழுத்தபடி நெஞ்சை முன்னோக்கி உயர்த்துங்கள். பார்வை தரையில், கழுத்தை மடிக்க வேண்டாம். இப்போது உள்ளங்கைகளைத் தரையிலிருந்து சற்றே எடுங்கள். நெஞ்சு தாழ்கிறதா? எங்கே நிற்கிறதோ அதுதான் இன்று உங்கள் முதுகின் உயரம். அங்கேயே கைகளை வைத்து மூன்று மூச்சு இருங்கள். மூச்சு தடுமாறினால் இன்னும் ஓர் அங்குலம் இறங்குங்கள்.